குன்னூரில் தயிர் தோய்த்த கதை

குன்னூரில் தயிர் உறையாது என்று யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. குளிரும் என்றார்கள், அட்டை கடிக்கும் என்றார்கள், துரைமார்களின் நாய்களுக்கு வழிவிட்டு நடக்க வேண்டும் என்றார்கள். தயிரைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் என் மாமனார் நசரத்பேட்டையை விட்டுக் கிளம்பியே இருக்க மாட்டார்.

நாங்கள் போனது என் பெண் செல்லத்துக்காக. அப்போது அவளுக்கு ஆறு வயது. கக்குவான் வந்து போய் நாலு மாதமாகியும் இருமல் மட்டும் அவளை விடவில்லை. இருமத் தொடங்கினால் முகம் நீலம் பாரித்து, கண் பிதுங்கி, சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தால்தான் ஓயும். பூந்தமல்லி டாக்டர் அவள் முதுகில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் மலைக்காற்று பட வேண்டும், மழைக்காலத்துக்குள் நெஞ்சு தெளியாவிட்டால் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். அந்தப் 'பொறுப்பில்லை'யை வண்டியில் வீடு வந்து சேரும்வரை மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தேன். பயந்துபோயிருந்தேன்.

நானும் என் வீட்டுக்காரரும் குழந்தையை அழைத்துப் போவதாகத்தான் பேச்சு. (அவர் பெயரை எழுத எனக்குக் கை வராது, மன்னிக்க வேண்டும். பட்டணத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா என்பது போதும்.) மாமனார் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"புள்ளய அனுப்பிட்டு நாங்க இங்க இன்னா, கொட்டாவி வுட்டுகினு கீறதா? போனா எல்லாரும் போவோம். வந்தா எல்லாரும் வருவோம்."

அப்படியாக மாமனார், அவருடைய தங்கை கன்னியம்மா அத்தை, நாங்கள் இருவர், ஒன்பது வயது கோபால், செல்லம், கைக்குழந்தை என்று ஏழு பேர் கிளம்பினோம். ஏழு பேருக்குப் பதினாலு மூட்டை.

மாமனாரைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஒன்று, அவருடைய முடிச்சு. எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். விடியற்காலையில் பறித்த மொட்டுகளைக் கூடையில் நிரப்பி, இலை போட்டு மூடி, ஈர வாழை நாரால் வாயைக் கட்டிப் பட்டணத்துக்கு அனுப்புவார்கள். அவர் கட்டினால் வண்டி குப்புறக் கவிழ்ந்தாலும் அவிழாது. பூக்கடைக்காரர் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும். அந்த முடிச்சு எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் கைவரவில்லை. என் வீட்டுக்காரர் பத்து வருஷம் முயன்று பார்த்துவிட்டுத்தான் குமாஸ்தா வேலைக்குப் போனார் என்று அத்தை சொல்லுவாள். பதினாலு மூட்டையையும் மாமனாரே கட்டினார். மலையில் நார் கிடைக்குமோ என்னவோ என்று ஒரு கட்டு நாரும் எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது, அவர் சொல்லிவிட்ட வார்த்தையைத் திரும்ப வாங்கமாட்டார். சென்னீர்குப்பத்தில் அவருடைய மைத்துனர் வீட்டு விருந்தில் ஒருதரம் மோர் தண்ணீராக இருந்தது. "இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று எழுந்து வந்துவிட்டார். வந்து பதினொரு வருஷம் ஆகிறது. அந்த வீட்டுக்கு எதிரே வந்ததும் இன்றைக்கும் சாலையை விட்டு இறங்கி, வயல் வரப்பில் சுற்றிப் போகிறார். மைத்துனர் இறந்தபோதுகூட வாசல் பந்தலுக்கு வெளியே நின்று அழுதுவிட்டு வந்தார்.

மோருக்கே இப்படி என்றால் தயிரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வேளையும் அவருக்குத் தயிர் வேண்டும். காலையில் பழையதில், மத்தியானம் கடைசிச் சோற்றில், ராத்திரி வெறும் கிண்ணத்தில். அதுவும் எங்கள் வீட்டுத் தயிர். அதன் உறையைக் கன்னியம்மா அத்தை காவல் காத்து வருகிறாள். நேற்றைய தயிரில் கொஞ்சம் எடுத்து இன்றைய பாலுக்கு என்று முப்பது வருஷமாக அறுபடாமல் வருகிற உறை. வெளியார் வீட்டு உறை அதில் கலந்ததில்லை. எங்கள் உறையும் விளக்கு வைத்த பிறகு வெளியே போனதில்லை. போனால் லட்சுமி கூடவே போய்விடுவாள். அந்த உறையை ஒரு கலயத்தில் ஊற்றித் துணியால் வாயைக் கட்டி அத்தையும் எடுத்துக்கொண்டாள்.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலைப் பார்த்ததும் மாமனார் ஏற மறுத்தார். இஞ்சின் பின்னால் இருந்தது.

"இன்னாடா இது, மாட்ட வண்டிக்குப் பின்னாடி கட்டிகீறான்?"

"தள்ளிக்கினு போவும் நைனா. முன்னாடி கட்டினா மலையில இழுக்காது" என்றார் என் வீட்டுக்காரர்.

"நசரத்பேட்டையில எவனாவது இப்டி வண்டி கட்னா ஊர வுட்டுத் தள்ளி வச்சிருவோம்" என்றார் மாமனார். ஏறிக்கொண்டார்.

தயிர்க் கலயத்தை ஜன்னல் கொக்கியில் தொங்கவிட்டிருந்தாள் அத்தை. ரயில் மலையேற ஏற வண்டி சாய்ந்தது, கலயமும் சாய்ந்தது. கீழே ஒரு கோட்டுப் போட்ட பெரியவர் தொப்பியோடு தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது குகை தாண்டி வெளிச்சம் வந்தபோது அவருடைய கறுப்புத் தொப்பியில் வெள்ளையாகக் கோடுகள். என் வீட்டுக்காரர் பதறிப்போய் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டார். பெரியவர் விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல தயிருங்க, வீட்டுத் தயிராட்டமிருக்குது" என்று தமிழில் சொன்னார். மாமனாருக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. உறை மட்டும் பாதிதான் மிஞ்சியது.

குன்னூரில் எங்களுக்குக் கிடைத்தது கடைவீதிக்கு மேலே ஒரு ஓட்டு வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, ஜன்னலுக்கு வெளியே மேகம். குழந்தைகள் மேகத்தைப் பிடித்து டப்பாவில் அடைக்க முயன்றார்கள். நான் அடுப்பை மூட்ட முயன்றேன். அரிசி கொதித்துக்கொண்டே இருந்தது, வேகவில்லை. துவரம்பருப்பு மத்தியானம் போட்டது சாயங்காலமும் கல்லாகக் கிடந்தது. முட்டைக்கோசைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அத்தை, உள்ளே காய் இருக்கும் என்று நம்பி ஒவ்வொரு இலையாக உரித்துக் கடைசிவரை போய்விட்டு, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றாள்.

வந்து சேர்ந்த அன்றே, திங்கட்கிழமை சாயங்காலம், அத்தை பாலைக் காய்ச்சி, எங்கள் ஊரில் செய்வதுபோலவே நன்றாக ஆறவைத்து, உறை குத்தி மூலையில் வைத்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் திறந்தால் பால் பாலாகவே இருந்தது. பழைய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன், அதுவும் புளிக்கவில்லை. மாமனார் அதை வாயில் வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"இந்த ஊர்ல எதுவுமே புளிக்காதா?"

செவ்வாய்க்கிழமை உறை இரண்டு மடங்கு. புதன்கிழமை காலையில் சட்டிக்குள் தண்ணீர் தனி, பால் தனி. அதையே வெயிலில் வைத்துப் பார்க்கலாம் என்று அத்தை வாசலில் வைத்தாள். பத்து நிமிஷத்தில் வெயில் போய்ப் பனிமூட்டம் வந்து, சட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கோபால் அதில் காலை விட்டான்.

கடையில் தயிர் விற்றது. வாங்கி வந்த என் வீட்டுக்காரரை மாமனார் நிமிர்ந்து பார்த்தார். "எவன் ஊட்டு சட்டியோ" என்று மட்டும் சொன்னார். அந்தத் தயிரை நாங்கள் ஆறு பேரும் ஒளித்து வைத்துச் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் மூன்றாவது நாளாகத் தயிரில்லாத சோறு. மாமனார் இலையை மடித்து எழுந்து, கை கழுவி, வாசலுக்குப் போய், பக்கத்து வீட்டுப் போஸ்ட்மேனும் அவர் மனைவியும் கேட்கும்படியாக அறிவித்தார்:

"சனிக்கெழம காலைக்குள்ள தயிர் ஒறையணும். ஒறையல, சனிக்கெழம ரயில்ல எல்லாரும் ஊட்டுக்குப் போறோம். நான் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டார். தான் மட்டும் போகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். எல்லாரும் என்று சொன்ன பிறகு எல்லாரும்தான். என் வீட்டுக்காரர் அப்பா பேச்சைத் தாண்டிப் பழகாதவர். "பாப்போம், பாப்போம்" என்று தாடையைச் சொறிந்தார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஒரு கிண்ணம் தயிருக்காகக் குழந்தையின் நெஞ்சைப் பணயம் வைக்கிறாரே என்று அன்றைக்கு அவரை மனதாரத் திட்டினேன்.

திட்டியதற்குக் காரணம் இருந்தது. வியாழக்கிழமை காலையில் செல்லம் எழுந்து வந்து பசிக்கிறது என்றாள். நாலு மாதத்தில் அவளாக வாய் திறந்து அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல்தடவை. ராத்திரி ஒருதரம்கூட இருமவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. புளிக்காத மாவில் வார்த்த தோசை இரண்டு தின்றாள், இரண்டும் உள்ளே தங்கின. மாமனார் எதிரே உட்கார்ந்து அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் தோசையில் பாதியைப் பிய்த்து அவள் தட்டில் போட்டார்.

அன்றைக்குப் பூங்காவுக்குப் போனோம். மாமனாரிடம் பட்டணத்தில் வாங்கிய கம்பளிக் குல்லா ஒன்று இருந்தது. கழுத்துவரை இழுத்தால் கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும். வாங்கும்போது, "எனக்கு எதுக்குடா இந்தக் கொரங்கு வேசம்" என்று திட்டியவர், வந்த நாளிலிருந்து குளிக்கும்போது மட்டும் அதைக் கழற்றினார். குல்லாவும் வேட்டியும் மகனின் கோட்டுமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மலையைப் பார்த்தபடி, "இத்தினி மாடு மேயுது, ஒரு வாய் தயிருக்கு வழியில்ல" என்று புலம்பிக்கொண்டிருந்தார். குடை பிடித்த இரண்டு வெள்ளைக்காரச் சீமாட்டிகள் அவரைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டு போனார்கள்.

"இன்னா சொல்லிக்கினு போறாளுங்க?"

"அந்தப் பெரியவரைப் பார், இந்த இயற்கை அழகில் எப்படி லயித்துப்போயிருக்கிறார், இவர்களுக்குக் கவலையே கிடையாது என்கிறார்கள்" என்று என் வீட்டுக்காரர் மொழிபெயர்த்தார். மாமனார் ரொம்ப நேரம் அந்தக் குடைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன், வியாழன் ராத்திரிகளிலும் தயிர் உறையவில்லை. வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். போஸ்ட்மேன் மனைவி ரங்கம்மா கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் வீட்டுத் தயிர்க் கதை அந்தத் தெரு முழுக்கத் தெரிந்துபோயிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே கூப்பிட்டாள்.

"ஏனுங் அம்மிணி, பாலை ஆறவெச்சா ஒறை குத்தறீங்க? இந்தக் குளுருக்கு ஆகாதுங். வெதுவெதுன்னு இருக்கறப்பவே ஊத்தோணும். சட்டிக்குக் கம்பளி சுத்தி அடுப்புச் சாம்பல்ல பொதைச்சு வெச்சுப் போடுங். காலைல கத்தி போட்டு அறுக்கலாம்."

நான் உள்ளே ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். சொன்னது தப்பு. முப்பது வருஷம் தயிர் தோய்த்தவளுக்கு வேலிக்கு அந்தப்புறத்திலிருந்து பாடம்.

"சட்டிக்குக் கம்பளியா? சட்டிக்கு இன்னா சளி புடிச்சிகீதா?" என்றாள் அத்தை. "எங்கம்மா சொல்லிக்குடுத்தா மாதிரிதான் தோய்ப்பேன். ஒறைஞ்சா ஒறையட்டும்."

வாசலில் முக்காலி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்த மாமனார் இதற்கெல்லாம் காது கொடுத்ததாகத் தெரியவில்லை. குல்லா காதை மூடியிருந்தது.

சாயங்காலம் அத்தை வழக்கம்போலப் பாலை ஆறவைத்து, உறை குத்தி, மூலையில் வைத்தாள். நானே எடுத்து அடுப்போரம் வைத்திருக்கலாம். அத்தை உறை குத்திய சட்டியை இன்னொருத்தி தொட்டால் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்; பன்னிரண்டு வருஷமாக நான் அதைத் தொட்டதில்லை. தைரியம் வரவில்லை. மூட்டைகளைக் கட்டத் தொடங்கினேன். செல்லம் வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு நெசமா போறோமாம்மா?" என்றாள். நான் அவளுடைய சட்டையை மடித்து மூட்டையில் வைத்தேன்.

படுக்கப்போகிற சமயத்தில் மாமனார் குல்லாவைக் காணோம் என்று ஆரம்பித்தார்.

"என் குல்லா எங்கடா? கோபாலு, எட்த்தியா?"

"இல்ல தாத்தா."

"பின்ன யாரு, அந்த வெள்ளக்காரிங்களா?" என்று கத்திவிட்டு, துண்டைத் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு படுத்தார். யாரையும் தேடவிடவில்லை. "வுடு, நாளைக்கு ஊட்டுக்குத்தானே போறோம், எவன் குல்லாவுக்கு அழுவுறான்" என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் அத்தையின் கூச்சல் கேட்டுத்தான் விழித்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் மூலையில் சட்டி இல்லை. அடுப்புக்குள் வெதுவெதுப்பான சாம்பலில் அது உட்கார்ந்திருந்தது. கழுத்துவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லா, அதற்கு மேலே நார் கட்டு. குல்லாவின் கண் ஓட்டை வழியாகச் சட்டி எங்களைப் பார்த்தது. அத்தை குல்லாவைக் கழற்றித் தட்டை எடுத்தாள். சட்டியைச் சாய்த்தாள். ஆடவில்லை, அசையவில்லை. ரங்கம்மா சொன்ன மாதிரி கத்தி போட்டு அறுக்கலாம்.

எல்லாருமாகச் செல்லத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். ஊருக்குப் போகப் பிடிக்காமல் தாத்தாவின் குல்லாவை எடுத்து மாட்டியிருக்கிறாள் என்று என் வீட்டுக்காரர் கண்டுபிடித்துச் சொன்னார். சட்டியைத் தொட்டதற்காக அத்தை அவளைத் திட்டிக்கொண்டே முத்தம் கொடுத்தாள்.

"நான் பண்ணல" என்றாள் செல்லம்.

"யார்னா ஒருத்தர் பண்ணாங்க. தயிர் ஒறைஞ்சிச்சில்ல?" என்றார் மாமனார். கிண்ணத்தில் போட்டுக்கொண்டு ஒரு வாய் தின்றார். "புளிப்பு பத்தல. ஆனா சொன்ன வார்த்த வார்த்ததான். ஒறைஞ்சா இருக்கறதுன்னு சொன்னேன், இருப்போம்."

ஒறைஞ்சா இருக்கிறது என்று அவர் சொல்லவே இல்லை. உறையாவிட்டால் போகிறது என்றுதான் சொன்னார். அதை யாரும் எடுத்துக்காட்டவில்லை.

குல்லாவைத் துவைக்க எடுத்தேன். அவசரத்தில் அத்தை நாரை அவிழ்க்காமல் குல்லாவோடு சேர்த்தே உருவியிருந்தாள். கட்டு அப்படியே இருந்தது. வாழை நார். சும்மா ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். ஒரே இழுப்பில் அவிழ்ந்தது.

கையில் நாரை வைத்துக்கொண்டு அடுப்பங்கரையிலேயே நின்றேன். மூன்று நாளாக மனசுக்குள் திட்டிய அத்தனை திட்டையும் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வாசலில் தலையில் துண்டோடு முக்காலியில் உட்கார்ந்து, அவர் செல்லத்துக்குத் தயிர்ச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மாதம் முழுக்கத் தினமும் சாயங்காலம் சட்டிக்குக் குல்லா போடும் வேலையைச் செல்லத்துக்கே ஒப்படைத்தார்கள். மாமனார் துண்டோடு குளிரில் நடுங்கிக்கொண்டு கிடந்தார். பகலில் குல்லாவைத் திரும்ப மாட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போவார். எத்தனை துவைத்தும் தயிர் வாசனை போகவில்லை. குன்னூரிலிருந்த பூனைகளில் பாதி அவர் பின்னால் நடந்தது. ரங்கம்மாவுக்கு அத்தையே ஒரு கிண்ணம் தயிர் கொண்டுபோய்க் கொடுத்தாள். பட்டப்பகலில்தான்.

இறங்குகிற ரயிலில் செல்லம் ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். இரண்டு கன்னமும் பிளம்ஸ் பழ நிறத்தில் இருந்தன. இருமல் என்ற ஒன்று இருந்ததையே அவள் மறந்திருந்தாள். இந்தத் தடவை உறைக் கலயத்தைக் கொக்கியில் மாட்ட அத்தைக்குத் துணிச்சலில்லை. மாமனார் அதை மடியில் வாங்கி, வாயைத் துணியால் மூடி, இடுப்பிலிருந்து ஒரு நாரை எடுத்துக் கட்டினார். நான் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தவர் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா பாக்குற?"

"ஒண்ணுமில்ல மாமா."

கொஞ்ச நேரம் கழித்துச் செல்லம் பாட்டை நிறுத்திவிட்டு, ரொம்ப நாளாக உறுத்திய விஷயத்தைக் கேட்டாள். "தாத்தா, அன்னிக்கி மொதல்ல குல்லா போட்டது நான் இல்ல. நெசமா. யாரு தாத்தா போட்டது?"

"நீதாம்மா போட்ட" என்றார் மாமனார். "நான் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை.